எண்பத்தி மூணு கடிதாசி

உக்காருங்க மிஸ். அந்தப் பலகையில வேணாம், ஆடும். இந்தக் கதிரையில உக்காருங்க. கையெழுத்து அப்புறம் போடலாம், நான் எங்கயும் ஓடிற மாட்டேன். நீங்க யாழ்ப்பாணமா? கதைக்கிறதுலயே தெரியுது. நல்லது. போன வருசம் வாயைப் பாக்க வந்தாங்களே, அந்தக் கூட்டத்துல தமிழ் தெரிஞ்சது ஒரே ஒரு ஆளுக்குத்தான். அவரு வேன் டிரைவர். எங்களுக்குக் கேன்சரப் பத்தி வெளங்கப்படுத்தினது அந்த டிரைவர்தான். டொக்டரம்மா பத்து நிமிசம் சொல்லுவாங்க, அவரு ரெண்டு வார்த்தையில முடிச்சிருவாரு. "வாயில புண்ணு வந்தா ஆபத்து." அவ்வளவுதான்.

இந்தக் கீழ் டிவிசன்ல ரெண்டு லயம், ஒட்டிக்கிட்டு வரிசையா இருபத்தி நாலு காம்பரா, ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம். நான் தலையாட்டாம இதுல ஒருத்தரும் உங்களுக்கு வாயத் தொறக்க மாட்டாங்க. பெருமைக்குச் சொல்லல. பன்னெண்டு வருசமா மாதர் சங்கத் தலைவி நான். பூங்காவனம்னு கேட்டா மேல் டிவிசன்லயும் தெரியும், தோட்ட ஆபீஸ்லயும் தெரியும். ஆபீஸ்ல எனக்கு வேற பேரும் வச்சிருக்காங்க, அதை விடுங்க. திரும்பவும் ஆராய்ச்சின்னு வந்திருக்கீங்க. வாங்க. வேணாங்கல. ஆனா மொதல்ல நான் சொல்றத முழுசாக் கேக்கணும். கேட்டுட்டு, கையெழுத்துப் போட அந்த ஃபாரத்தை நீட்டுங்க.

ஆமா, வெத்திலதான் போட்டுருக்கேன். அப்படிப் பாக்காதீங்க. பொயில இல்ல. இருந்தாலும் கொஞ்சூண்டு. மழையில நின்னு ஒருநாள் தேயிலைக் கொழுந்து எடுத்துப் பாருங்க மிஸ். காலையில அஞ்சு மணிக்குத் தின்ன ரொட்டி பத்து மணிக்கு எங்க இருக்கும்? பசிக்கும் இதுதான், குளிருக்கும் இதுதான், அட்டை கடிச்சா துப்புறதுக்கும் இதுதான். விடச் சொல்றவங்க எல்லாரும் பத்து மணிக்கு மலைக்கு ஒரு ரொட்டி கொண்டாந்து குடுக்கட்டும், விட்டுர்றோம்.

போன வருசம் புரட்டாசியில பிரட்டுக்களத்துல வந்து சொன்னாங்க. காலையில பேர் குடுக்க நிக்கிறோமே, அந்த எடம்தான். "அடுத்த திங்கக்கிழமை எல்லார் வாயையும் பாப்போம். கடைசி வரைக்கும் டோர்ச் அடிச்சுப் பாப்போம்." பொம்பளைங்க எல்லாம் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. பல்கலைக்கழகத்துல இருந்து வர்றாங்க. எங்க வாயைப் பாத்துட்டுப் போயி, தோட்டத்துப் பொம்பளைங்க வாயி ஊத்தைன்னு எழுதிட்டா? நம்ம மானம் என்னாகிறது? அன்னைக்குச் சாயங்காலமே வீடு வீடாப் போனேன். கரியும் உப்பும். ஒருத்தி விடாம மூணு நாளு தேய்க்கணும். பல்லு மட்டும் இல்லடி, கன்னத்துக்குள்ள, நாக்குக்கடியில, எங்கெல்லாம் கறை இருக்கோ அங்கெல்லாம். தேங்கா நாரு போட்டுத் தேய்ங்கன்னேன். தேய்ச்சாங்க. நான் சொன்னா செய்வாங்க.

திங்கக்கிழமை அந்த டொக்டரம்மா வந்தாங்க. முடியெல்லாம் வெள்ளை, சிங்கள ஆளு, நல்ல மனுசி. மொத வாயைப் பாத்தாங்க. ரெண்டாவது, மூணாவது. பத்தாவது வாயில டோர்ச்ச அணைச்சிட்டு எந்திரிச்சிட்டாங்க. எல்லாம் செக்கச்செவேல்னு தோலு உரிஞ்சி கெடக்கு. எது நோவு, எது நாரு கிழிச்சதுன்னு தெரியல. டிரைவர்கிட்ட என்னமோ கேட்டாங்க, அவரு எங்ககிட்ட கேட்டாரு, எல்லாக் கையும் என்னைக் காட்டிச்சு. அப்புறம் என்ன, வேனைத் திருப்பிட்டுப் போயி ரெண்டு வாரம் கழிச்சு வந்தாங்க. ரெண்டு வாரம்தான் மிஸ். ரெண்டு வாரத்துல என்ன ஆகிறப் போகுது? நாங்க சுத்தமான சனங்கன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிச்சுல்ல.

ரெண்டாவது தடவை எண்பத்தி மூணு பேரையும் பாத்தாங்க. சில பேருக்குக் கன்னத்துக்குள்ள மரத்துப் போற ஊசி போட்டு, நகக்கண்ணு அளவு சதை எடுத்தாங்க. எங்க லோகாவுக்கு எடுத்தாங்க. எனக்கும் எடுத்தாங்க. தலைவி மொதல்ல குடுத்தாதானே மத்தவ பயப்படாமக் குடுப்பா, அதுக்குத்தான். போறப்போ டிரைவர் சொன்னாரு, "ஒரு மாசத்துல எல்லாருக்கும் கடிதம் வரும். வரச் சொன்னா கட்டாயம் வரணும்."

லோகான்னா லோகேஸ்வரி. எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி. அவரு போனதுக்கப்புறம் நானும் அவளும் ஒரே காம்பராவுலதான். அவ தொண்டையப் பத்திக் கேள்விப்பட்டிருக்கீங்களா? எங்க கேட்டிருக்கப் போறீங்க. மேல் நெரையில நின்னு "கொழுந்து நிறுக்கப் போறாங்க, வாங்கடீ"ன்னு ஒரு சத்தம் போட்டா, பள்ளத்துக்கு அந்தப் பக்கத்து மலையில உள்ளவங்க கூடையத் தூக்குவாங்க. கங்காணி விசில் வாங்கி வச்சிருந்தாரு. எடுக்கவே மாட்டாரு. அவரையே பாட்டுக் கட்டி ஏசுவா, அவரும் சிரிச்சிக்கிட்டே நிப்பாரு.

ஒரு மாசம் போச்சு. கடிதாசி வரல. தைப்பொங்கலும் போச்சு. லோகாவுக்குக் கன்னத்துல ஒரு புண்ணு ஆறாமலே நின்னிச்சு. தோட்டத்து டிஸ்பென்சரியில வாய் கொப்புளிக்க மருந்து குடுத்தாங்க. நான் சொன்னேன், "டவுனு ஆஸ்பத்திரிக்குப் போவமா?" அவ சொன்னா, "அவங்கதான் சதையே வெட்டிப் பாத்தாங்களே அண்ணி. ஏதும்னா கூப்புட்டிருப்பாங்க. கூப்புடலன்னா ஒண்ணும் இல்லன்னுதானே." நானும் சரின்னேன். லயமே அப்படித்தான் நெனச்சிச்சு. எங்களுக்குக் கடிதாசின்னு வந்தா அது கெட்டதுக்குத்தான் மிஸ். வேலையில இருந்து நிப்பாட்டினா வரும், கோட்டுக்குக் கூப்புட்டா வரும். வராத வரைக்கும் நாங்க நல்லா இருக்கோம்.

அப்புறம் பங்குனியில ஒருநாளு கோயில் திருவிழாவுக்கு லீவு கேக்க ஆபீசுக்குப் போனேன். பெரிய கிளாக்கர் ஃபோன்ல கதைச்சிக்கிட்டு இருந்தாரு. நின்னேன். சன்னலோரமா ரப்பர் பேன்ட் போட்டு ஒரு கட்டு. மேல ஒரு பல்லி செத்துக் கெடக்கு. மேல இருந்த கவர்ல இங்கிலீசு, எனக்கு வாசிக்க வராது, ஆனா அந்த முத்திரை தெரியும். டொக்டரம்மாவோட வேனுல அதே படம்தான் ஒட்டியிருந்திச்சு.

"ஐயா, இது என்ன?"

"அதா? உங்க டிவிசன் ஆளுகளுக்கு வந்தது. எல்லாத்துக்கும் ஒரே விலாசம் போட்டிருக்கான். பேரு, கீழ் டிவிசன், தோட்டத்துப் பேரு. லோகேஸ்வரின்னு மூணு பேரு இருக்காளுக, சிவகாமின்னு நாலு பேரு இருக்காளுக. எவளுக்குன்னு குடுக்கிறது? தொரை லீவுல இருந்து வந்ததும் கேட்டுட்டுக் குடுக்கலாம்னு வச்சேன்."

தொரை லீவுல போயி வந்து, திரும்பியும் லீவுல போயிட்டாரு மிஸ்.

உங்க வீட்டுக்குக் கடிதாசி எப்படி வரும்? வீட்டு நம்பர், ரோட்டுப் பேரு, கதவுல ஒரு ஓட்டை, தபால்காரர் போட்டுட்டுப் போயிருவாரு. எங்களுக்கு வீடு ஏது? லயம். ரோடு ஏது? நூத்தி அம்பது வருசமா இங்க கெடக்கோம், எங்க கதவுக்கு ஒரு நம்பர் கெடையாது. எல்லாம் ஆபீசுக்கு வரும், ஆபீஸ் நெனச்சா எங்களுக்கு வரும். கட்டைத் தாங்கன்னேன். தொரை சொல்லாமத் தர ஏலாதுன்னாரு. நேரா மலைக்குப் போயி லோகாகிட்ட சொன்னேன், "சத்தம் போடுடி." என்னன்னுகூடக் கேக்கல. போட்டா பாருங்க ஒரு சத்தம். அதுதான் மிஸ் அவ கடைசியாப் போட்ட சத்தம்.

நாப்பத்தாறு பொம்பளைங்க பாதிக் கூடையோட எறங்கி வந்து ஆபீஸ் வாசல்ல உக்காந்தோம். கிளாக்கர் எட்டிப் பாத்தாரு. "பூங்காவனம், இது சட்டவிரோதம்"னாரு. "எங்க வாயை எங்களுக்குத் தாங்க ஐயா, போயிர்றோம்"னேன். கொழுந்து வாடுது, தேயிலை அரைக்கிற ஸ்டோர்ல இருந்து ஆளு மேல ஆளு வருது. பத்தரை மணிக்குக் கட்டு என் கையில. எண்பத்தி மூணு. அங்கயே எண்ணித்தான் வாங்கினேன்.

எல்லாம் சிங்களமும் இங்கிலீசும். தமிழ்ல ஒரு எழுத்து இல்ல. பிள்ளைக்காம்பராவுல கைக்கொழந்தைங்களப் பாத்துக்கிற சுகந்திக்கு ரெண்டும் வாசிக்க வரும். தொட்டிலை ஆட்டிக்கிட்டே ஒவ்வொண்ணா வாசிச்சா. எழுபத்தி ரெண்டு பேருக்கு ஒண்ணும் இல்ல, வெத்திலைய விடுங்கன்னு இருந்திச்சு. பத்துப் பேரை ரெண்டு வாரத்துக்குள்ள கிளினிக்குக்கு வரச் சொல்லி இருந்திச்சு. லோகாவோட கடிதாசியை வாசிக்கிறப்போ சுகந்தி தொட்டிலை ஆட்டுறதை நிப்பாட்டிட்டா. தேதியைப் பாத்தா கார்த்திகை. கார்த்திகையில எழுதினது பங்குனியில எங்க கையில. நாலு மாசம் மிஸ். நாலு மாசம் ஒரு செத்த பல்லிக்குக் கீழ கெடந்திச்சு எங்க லோகாவோட உசிரு.

என்ன எண்ணுறீங்க? கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்கும். கேளுங்க.

மறுநாள் மொத பஸ்ல பத்துப் பேரையும் ஏத்திக்கிட்டுப் போனேன். மத்த ஒம்பது பேருக்கும் பரவாயில்ல, மருந்தோட போச்சு. ஒருத்திக்கு மட்டும் சின்னதா வெட்டினாங்க. லோகாவுக்கு நாக்குல பாதியும், இந்தப் பக்கத்துத் தாடையும் எடுக்கணும்னாங்க. நாலு மாசத்துக்கு முந்தி வந்திருந்தா, இந்தா, ஒரு அஞ்சு சதக் காசு அளவுதான் வெட்டியிருக்கும்னு அந்த ஆப்பரேசன் டொக்டரே சொன்னாரு.

அன்னைக்கு நான் சும்மா வரல. டொக்டரம்மா எங்க இருக்காங்கன்னு கேட்டுக் கேட்டு அவங்க அறைக்கே போயிட்டேன். எனக்குச் சிங்களம் வாசிக்க வராது, அரைகுறையாப் பேச வரும். ஏசுறதுக்கு அது போதும். அவங்க என்னைக் கண்டதும், "உங்க டிவிசன்ல இருந்து ஒருத்தருமே வரலையே"ன்னு கேட்டாங்க மிஸ். என்னைக் கேட்டாங்க! மேசையில ஆராய்ச்சிப் புத்தகம் தயாரா இருக்கு. அதுல என்ன எழுதியிருக்குன்னு கேட்டேன். மறைக்காமச் சொன்னாங்க. கடிதம் அனுப்பியும் தோட்டத்து ஆளுக சிகிச்சைக்கு வரல, அவங்களுக்கு அக்கறை இல்ல, அறிவூட்டணும். இப்படி எழுதியிருக்கு.

அக்கறை இல்லையாம். தேங்கா நாரு போட்டு வாயைக் கிழிச்சிக்கிட்டவளுக நாங்க. நாங்க அக்கறை இல்லாதவளுகளா?

"அம்மா, நீங்க அனுப்பினீங்க. யாருக்கு அனுப்பினீங்க? தொரைக்கு அனுப்பினீங்க. தொரைக்கா வாயில புண்ணு? வாயைப் பாக்க லயத்துக்கு வரத் தெரிஞ்ச ஒங்களுக்கு, பாத்ததைச் சொல்ல லயத்துக்கு வரத் தெரியலையா?" அப்படின்னேன். அவங்க கண்ணாடியக் கழட்டித் தொடச்சிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் ஒரு பேனையை எடுத்து, என் கண்ணு முன்னாலயே அந்தப் பக்கத்துல குறுக்கால ஒரு கோடு போட்டாங்க. நல்ல மனுசின்னு சொன்னேன்ல. அந்தக் கோட்டுனாலதான் மிஸ் இன்னைக்கு நீங்க இங்க தமிழ் கதைச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. மறந்துறாதீங்க.

வந்ததும் மொத வேலை கதவுக்கு நம்பர். கோயிலுக்கு அடிச்சு மிஞ்சின செவப்புப் பெயின்ட் இருந்திச்சு. லயம் ரெண்டுக்கும் ஒண்ணுல இருந்து இருபத்தி நாலு வரைக்கும், என் கையாலயே எழுதினேன். கங்காணி வந்து, தோட்டத்துச் சொத்துல கிறுக்கக் கூடாதுன்னாரு. அழிச்சிப் பாருங்கன்னேன். தபால்காரர் லயத்துக்கெல்லாம் எறங்க மாட்டேன்னாரு. மூணு நாளு பஸ் நிக்கிற எடத்துலயே போயி நின்னோம். இப்ப எறங்குறாரு. மழையில வழுக்கிக்கிட்டே எறங்குறாரு பாவம், நாங்க பாலில்லாத டீதான், சாயத்தண்ணி, போட்டுக் குடுக்குறோம்.

இந்தக் கதவா? ஆமா, இதுல இல்ல. பெயின்ட் முடிஞ்சிருச்சு. பதினாறு வரைக்கும் வந்திச்சு, அப்புறம் பதினெட்டுல இருந்து... அதை விடுங்க மிஸ். என் கதவை யாருக்குத் தெரியாது?

இப்ப எழுதிக்கங்க. கடிதாசி தமிழ்ல இருக்கணும். கதவு நம்பர் போட்டு இருக்கணும். வரச் சொல்ற நாளு சம்பள வெட்டு இல்லாத நாளா இருக்கணும். எழுதிட்டீங்களா? இதுக்கு ஒத்துக்கிட்டா எண்பத்தி மூணு வாயையும் நான் தொறந்து காட்டுறேன்.

சரி, எண்பத்தி ரெண்டு.

எனக்கென்ன? எனக்கு ஒண்ணும் இல்ல. ஒறைப்பு மட்டும் கொஞ்சம் ஆகல. இப்ப கடையில வர்ற மொளகாத்தூள்ல என்னமோ கலக்குறானுங்க. ரொட்டியச் சாயத்தண்ணியில ஊற வச்சுத் தின்னுக்கிறேன். அது லோகாவுக்குச் செய்யிறதுதான், அவளுக்கு மெல்ல ஏலாதுல்ல, ஒண்ணாவே செஞ்சிர்றது. கொட்டாவி விட்டா இந்தப் பக்கம் இழுக்கும். வயசு அம்பத்தாறு ஆகுது மிஸ், எங்கதான் இழுக்காது?

என் கடிதாசியா? அதுவும் வந்திச்சு. அவசரமில்லாத கடிதாசி அது. வாசிச்சீங்களான்னா? வாசிக்காமலே தெரியும். அன்னைக்குச் சுகந்தி வாசிக்கப் போனா, நான்தான் கடைசியாப் பாத்துக்கலாம்னு வாங்கி மடியில வச்சேன். அப்புறம் லோகா ஆஸ்பத்திரி, லோகா சாப்பாடு, பெயின்ட், தபால்காரர்... நேரம் எங்க இருக்கு?

யாருடி அது? லோகா, உள்ள இரு. மிஸ் போனதுக்கப்புறம் கஞ்சி தர்றேன். இவதான் மிஸ் எங்க லோகா. வாயைத் துணியால மூடியிருக்கா, கூச்சம். என்ன கையில? ஏய், சாமிப் படத்துக்குப் பின்னால இருந்து யாரு எடுக்கச் சொன்னது? குடு. மிஸ்கிட்ட குடுக்காத. லோகா!

மிஸ், பிரிக்காதீங்க. இருங்க.

என்னடி வெரலைக் காட்டுற? நாலு. ஆமா, நாலு. நாலு மாசம் கிளாக்கர் வச்சிருந்தாரு. அதைத்தானே இவ்வளவு நேரம் சொன்னேன். இப்ப என்ன, ரெண்டு கையுமா? அஞ்சு... ஏழு. என்ன ஏழு?

ஐப்பசி. பங்குனியில இருந்து ஐப்பசி.

சரிடி. கையை எறக்கு. மிஸ் முன்னால அழ வைக்காத.

நீங்களும் பாக்குறீங்க. பாருங்க. ஆமா, கிளாக்கர் நாலு மாசம் வச்சிருந்தாரு, நான் ஏழு மாசம் வச்சிருக்கேன். அவரு எவளுக்குன்னு தெரியாம வச்சிருந்தாரு. நான் தெரிஞ்சே வச்சிருக்கேன். பயம் மிஸ். வேற என்ன. இவ ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் என்னைக் கூப்புடப் பாத்தா. "அண்ணி"ன்னு வரல. என்னமோ ஒரு சத்தம் வந்திச்சு. அந்தச் சத்தத்தை நான் கேட்டேன். என் நாக்கையும் வெட்டிட்டா, அப்புறம் இந்த லயத்துல யாரு பேசுறது? கிளாக்கரை யாரு கேக்குறது? தபால்காரரை எறக்கினது இந்த நாக்கு மிஸ். இதை விட்டா எனக்கு வேற என்ன இருக்கு?

இவ என்ன சொல்றா பாருங்க. நெஞ்சைத் தட்டிக் காட்டுறா. நான் இருக்கேங்குறா. சத்தமே வராத இவ எனக்குப் பதிலா கிளாக்கர்கிட்ட போவாளாம். போனாலும் போவா. இவளைத் தடுக்க யாரால முடியும்?

சரி. பிரிங்க. வேணாம், பிரிக்க வேணாம், அது பழைய கடிதாசி. உங்க பையில இருக்கிற டோர்ச்ச எடுங்க. இன்னைக்கே பாருங்க, இங்கயே பாருங்க. ஆனா ஒண்ணு, எனக்குக் கடிதாசி போடாதீங்க. என்னன்னாலும் நீங்களே எறங்கி வந்து, இதே கதிரையில உக்காந்து, என் மூஞ்சியப் பாத்து, தமிழ்ல சொல்லுங்க. வெட்டணும்னா வெட்டணும்னு சொல்லுங்க. நம்பர் பதினேழு. லோகா, அடுப்புல இருந்து ஒரு கரித்துண்டு எடுத்துட்டு வந்து கதவுல எழுது. நல்லாப் பெருசா எழுது.

இருங்க மிஸ், வெத்திலையைத் துப்பிட்டு வர்றேன். இந்தத் தடவை தேய்க்க மாட்டேன். இருக்கிறபடியே பாருங்க.